ஈமேக்ஸ் சாளரத்துக்கு அடியில் இடைவெளி. எழுத்துரு ஏறியதும் அளவு மாறுகிறது

கயல்:
வீட்டில் டெபியன் லினக்ஸ், சாளரங்களைத் திரை நிரம்ப அடுக்கும் டிடபிள்யூஎம் சாளர மேலாளர். ஈமேக்ஸ் எடிட்டரில் மெனு, டூல்பார், ஸ்க்ரோல்பார் எதுவும் கிடையாது. 1366×768 திரையில் அது ஒன்று மட்டும் திறந்திருந்தாலும் அடியில் ஏழெட்டு பிக்சல் உயரத்துக்கு வால்பேப்பர் தெரிகிறது. எஸ்டி டெர்மினலிலும் அப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் முழுக்க நிரம்புகிறது. அலுவலகக் கணினியில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். அங்கே ஈமேக்ஸ் சின்னதாகத் திறந்து, இனிட் கோப்பில் (ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் என் அமைப்புக் கோப்பு) உள்ள எழுத்துரு ஏறியதும் பெரிதாகிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

செம்பருத்தி:
இரண்டும் வேறு வேறு கோளாறு கயல், சேர்த்துத் தேடாதீங்க.

முதலில் வீட்டுக் கணினி. ஈமேக்ஸை "-க்யூ" (பெரிய எழுத்து) கொடுத்துத் திறந்து பாருங்க, உங்க அமைப்பு எதுவும் ஏறாது. அப்பவும் இடைவெளி இருந்தா இனிட் கோப்பு குற்றவாளி இல்லை. அடுத்து டெர்மினலில், சாளரத்தின் விவரங்களைக் காட்டும் எக்ஸ்ப்ராப் கட்டளையை ஓட்டி ஈமேக்ஸ் மேல் கிளிக் பண்ணுங்க. "ரீசைஸ் இன்க்ரிமென்ட்" என்று ஒரு வரி வரும். அதில் 9, 19 என்று இருந்தா, அகலத்தை ஒன்பது ஒன்பதாகவும் உயரத்தைப் பத்தொன்பது பத்தொன்பதாகவும்தான் மாற்றணும் என்று ஈமேக்ஸே கேட்குதுன்னு அர்த்தம். மேல்பட்டையும் விளிம்பும் போக 748 பிக்சல் மிச்சம்னு வைங்க. அதில் 39 வரி அடங்கும், 741 ஆச்சு. மீதி 7 பிக்சல்தான் உங்க வால்பேப்பர். எஸ்டியும் எழுத்துக் கணக்கில்தான் அளவு கேட்கும். ஃபயர்ஃபாக்ஸ் கேட்காது.

ஈமேக்ஸில் "ஃப்ரேம்-ரீசைஸ்-பிக்சல்வைஸ்" மாறியை டி (ஈமேக்ஸில் 'ஆம்') ஆக்குங்க, போதும். இந்த வசதி ஏன் இயல்பாகவே அணைந்து கிடக்குன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். டிடபிள்யூஎம் மாதிரி டைலிங் மேலாளர் பக்கம் புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் இதில்தான் முட்டிக்கிறாங்க.

பனங்கிழங்கு:
டிடபிள்யூஎம் பக்கமே அடைக்கலாம். கான்ஃபிக் கோப்பில் "ரீசைஸ்ஹின்ட்ஸ்" 1 என்று இருக்கும். அதை 0 ஆக்கி மறுபடி கம்பைல் பண்ணினால் எஸ்டியும் சேர்ந்து நிரம்பிவிடும்.

செம்பருத்தி:
ஆமாம், எஸ்டிக்கு அதுதான் வழி.

அலுவலகக் கணினி விஷயம்: எழுத்துரு பெரிதானாலும் 80 எழுத்து அகலம், 36 வரி உயரம் என்ற கணக்கைக் காப்பாற்ற ஈமேக்ஸ் சாளரத்தையே இழுத்துப் பெரிதாக்குது. "ஃப்ரேம்-இன்ஹிபிட்-இம்ப்ளைட்-ரீசைஸ்" மாறியை டி ஆக்கினா அது நிற்கும். ஆனா இனிட் கோப்பு ஓடும்போது சாளரம் ஏற்கெனவே திறந்தாச்சு. அதனால் அந்த வரியையும், "டீஃபால்ட்-ஃப்ரேம்-ஏலிஸ்ட்" (சாளரத்தின் இயல்பு அமைப்புப் பட்டியல்) மாறியில் எழுத்துரு, அகலம், உயரம் மூன்றையும் ஏர்லி-இனிட் கோப்பில் போடுங்க. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு இருக்கு, சாளரம் பிறக்கும் முன்பே படிக்கப்படும்.

கயல்:
எக்ஸ்ப்ராப்பில் 9, 19 என்றேதான் வந்தது! பிக்சல்வைஸ் போட்டதும் இரண்டுமே 1 ஆகி, இடைவெளி போய்விட்டது. ஏர்லி-இனிட்டை நாளை அலுவலகத்தில் பார்க்கிறேன். ஜிவிம் எடிட்டரில் தாவல் பட்டை வரும்போதும் சாளரம் இப்படி நீள்கிறதே, அதற்கும் வழி உண்டா?

பனங்கிழங்கு:
உண்டு. "ஜியுஐஆப்ஷன்ஸ்" அமைப்பில் சின்ன "கே" எழுத்தைச் சேருங்க. பட்டை வந்தாலும் போனாலும் சாளர அளவை மாற்றாமல் வைத்திருக்கும்.