செராஸ் வீட்டுக் கொல்லையில் இங்கிலாந்து சைடர் ஆப்பிள் தேறுமா?

செராஸ்வாசி:
வணக்கம். கோலாலம்பூரின் செராஸில் தரை வீடு. பின்னால் 12 அடிக்கு 15 அடி திறந்த இடம், காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை நல்ல வெயில். இங்கிலாந்தில் சமர்செட் பக்கம் இருக்கும் சித்தி, கிங்ஸ்டன் பிளாக் என்ற பழைய சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்த பானம்) ரகத்தின் ஒட்டுக்குச்சிகளை ஊருக்கு வரும்போது பெட்டியில் எடுத்து வருகிறேன் என்கிறார். இங்கே அது காய்க்குமா? தரையிலா, தொட்டியிலா? பழம் வந்தால் வீட்டிலேயே சைடர் போட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவாத்துக்கத்தி:
முதலில் சித்திக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: குச்சியைப் பெட்டியில் வைத்து எடுத்து வர வேண்டாம். நடவுப் பொருள் எதுவானாலும் மலேசிய அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஆப்பிள் குச்சியில் தீக்கருகல் என்ற பாக்டீரியா நோய் வெளியே தெரியாமல் ஒளிந்து வரலாம். இங்கிலாந்தில் அந்த நோய் இருக்கிறது.

இனி மரம். கிங்ஸ்டன் பிளாக் அருமையான ரகம், மறுக்கவில்லை. சைடர் ஆப்பிள்களை 1903-இல் இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தில் நான்காகப் பிரித்தார்கள். அமிலம் 0.45 விழுக்காட்டுக்கு மேலே போனால் புளிப்பு வகை, டானின் 0.2-க்கு மேலே போனால் துவர்ப்பு வகை. இரண்டும் தூக்கலாக உள்ள அபூர்வ வகையில் சேர்ந்தது இது. வேறு ஆப்பிள் கலக்காமல் தனியாகவே சைடர் போடலாம் என்பதால்தான் இவ்வளவு பெயர். ஆனால் அதன் சொந்த மண்ணிலேயே சொறிநோயும் தண்டுப்புற்றும் எளிதில் பிடிக்கும்.

இங்கே இடிப்பது குளிர் போதாததுதான். ஆப்பிள் மொட்டு உறங்கி விழித்துப் பூக்கக் குளிர் வேண்டும். 7.2 பாகை செல்சியஸுக்குக் கீழே கழியும் மணிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் பழைய ரகங்களுக்குப் பெரும்பாலும் 800 மணிக்கு மேல் தேவை. நம் வானிலை நிலையங்களில் பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 7.8 பாகை, கேமரன் மலையில், 1978 பிப்ரவரி 1 அன்று. அந்த ஒரு நாள்கூட கணக்கில் சேராது! செராஸில் இரவு 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. நட்டால் மரம் செத்துவிடாது. நுனியில் மட்டும் கொஞ்சம் துளிர்க்கும், நடுத்தண்டில் மொட்டெல்லாம் கண் திறக்காமல் குச்சியாக நிற்கும், பூவைப் பார்க்க முடியாது.

குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்கள் இரண்டு உண்டு. அன்னா, இஸ்ரேலில் உருவானது, 200-300 மணி. டார்செட் கோல்டன், பஹாமாஸில் கிடைத்தது, 100 மணி அளவு. அவற்றுக்கும் நம் ஊரில் கணக்கு பூஜ்யம்தான். அந்தக் குறையை இலை உருவி ஈடுகட்ட வேண்டும். இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் பத்து (Batu) நகரம், மாலாங் வட்டாரத்தில் அப்படித்தான் ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். அங்கே தோட்டங்கள் 700 மீட்டருக்கு மேலே இருக்கின்றன, நமக்கு அந்த இரவுக் குளுமையும் கிடையாது. அதனால் இங்கே பழம் வெளுத்த நிறமாக, சற்று மாவாகத்தான் வரும். அதற்குச் சம்மதம் என்றால் அன்னா ஒன்று, டார்செட் ஒன்று, இரண்டும் ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். அன்னாவுக்குப் பக்கத்தில் வேறு ரகத்தின் மகரந்தம் இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். கடையில் வாங்கிய ஆப்பிளின் விதையைப் போட்டால் தாய் ரகம் வராது.

செராஸ்வாசி:
நன்றி. இலை உருவுவது என்றால் எல்லா இலையையுமா? மரம் பட்டுப்போகாதா? எப்போது செய்வது?

கவாத்துக்கத்தி:
எல்லா இலையையும்தான், ஒன்றுகூட விடாமல். மொட்டைத் தூங்க வைப்பதே இலைதான். இலை போனால் மொட்டு விழிக்கும். ஆனால் ரொம்ப நாள் தாமதித்தால் மொட்டு தானாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும், பிறகு இலையை உருவினாலும் எழும்பாது. அவசரப்பட்டாலும் கெட்டது: பூமொட்டு உருவாகாத தண்டில் வெறும் தளிர்தான் வரும். பதம் இதுதான்: தண்டின் நுனி வளர்ச்சி நின்று மொட்டு மூடியிருக்க வேண்டும், இலை கரும்பச்சையாகத் தடித்திருக்க வேண்டும். குட்டைக் கிளைகளின் முனையில் உருண்டு, பூனை முடி படர்ந்தாற்போல் இருப்பது பூமொட்டு. தண்டோடு ஒட்டி ஒல்லியாகக் கிடப்பது இலைமொட்டு. உருண்டவை ஏழெட்டாவது தெரியட்டும். கன்றுக்கு இரண்டு வயது ஆகும்வரை கை வைக்காதீர்கள்.

ஆறு வாரம் முன்பே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள், மூன்று வாரம் முன்பிருந்து தண்ணீரைப் பாதியாக்குங்கள். மேல்நோக்கிப் போகும் கிளைகளைக் கயிறு கட்டிக் கிட்டத்தட்ட படுக்கை வசமாகச் சாய்த்து வையுங்கள். நேராக நின்றால் நுனி மொட்டு மட்டுமே எழும்பும். உருவும்போது இலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் பட்டை உரியும், மேலே இழுத்தால் காம்பின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும் மொட்டு உடையும். அதனால் சிறிய கத்தரிக்கோலால் காம்பின் பாதியில் வெட்டுங்கள். மிச்சக் காம்பு சில நாளில் தானே உதிரும், மொட்டுக்குக் கீறல் விழாது. இரண்டு மரத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூப்பது முன்பின்னாகி மகரந்தம் கிடைக்காது.

கோலாலம்பூரில் மழை ஓரளவு அடங்கும் சமயம் பாருங்கள். பொங்கல் கழிந்த வாரத்தில் உருவினால் மாசி பிறக்கும்போது பூ, ஜூன் வாக்கில் பழம். பறித்துப் பத்து நாள் கழித்து அடுத்த சுற்றைத் தொடங்கலாம். மொட்டைக் கிளப்ப ஹைட்ரஜன் சயனமைட் தெளி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொடிய மருந்து, அதைத் தொட்ட நாளில் மது அருந்தினால் உடம்பு கடுமையாகப் பாதிக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

தொட்டிமண்:
தொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. செராஸ் பக்கம் களிமண், நட்டால் வேர் தண்ணீரில் நிற்கும். 60 லிட்டருக்குக் குறையாத தொட்டி, அடியில் விரல் தடிமனில் எட்டுத் துளை, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். கலவை: செம்மண் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. நம் செம்மண் புளித்த மண், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 5-க்குக் கீழே இருக்கும். டோலமைட் சுண்ணாம்புப் பொடி இரண்டு கைப்பிடி கலந்து, மூன்று வாரம் ஈரமாக வைத்து, 6-க்கு மேலே வந்ததும் நடுங்கள். ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடை தெரிய வேண்டும், புதைந்தால் மேல்பகுதி தனியாக வேர்விட்டு விடும். வேர்த்தண்டு, அதாவது ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேருள்ள பாகம், எந்த ரகம் என்று நர்சரியில் கேளுங்கள். எம்.எம். 106 என்றால் தண்ணீர் தேங்கிய இடத்தில் கழுத்தழுகல் வரும். எம்.எம். 111 பரவாயில்லை.

மழையைவிட ஈரம் காயாத இலைதான் எதிரி. இலையில் பழுப்புப் புள்ளி, காயில் வட்டமாக அமுங்கிய அழுகல் என்றால் கொல்லெட்டோட்ரைக்கம் பூஞ்சை. உருவிய இலையை மரத்தடியில் போடாமல் அள்ளிக் கட்டி அப்புறப்படுத்துங்கள், அடுத்த சுற்று நோய் அங்கிருந்துதான் கிளம்பும். பூ வரும்போது தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். கெலுலுட் என்ற கொட்டாத தேனீ வராவிட்டால் காலை பத்து மணிக்குள் மெல்லிய தூரிகையால் பூவிட்டுப் பூ தொடுங்கள். கொத்துக்கு ஒரு காய் போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள். காய் கோலிக்குண்டு அளவு ஆனதும் காகிதப் பை கட்டுங்கள். பழ ஈ முட்டையிட்ட பிறகு கட்டிப் பயனில்லை.

பாலிக்புலாவ் அக்கா:
தம்பி, பழத்துக்கு வருகிறேன். 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும், அதனால் புளிக்க வைக்கும் எண்ணத்தை விடுங்கள். இங்கிலாந்தில் சைடர் என்றால் மதுதான். நீங்கள் போட வேண்டியது புளிக்காத சாறு.

அன்னாவில் இனிப்பு உண்டு, துவர்ப்பு இல்லை. சாறு சப்பென்று இருக்கும். நாலரை லிட்டர் சாற்றுக்கு ஒரு குவளை கடுந்தேநீர், பால் சர்க்கரை இல்லாமல், ஆறவைத்து ஊற்றுங்கள். கிங்ஸ்டன் பிளாக்கின் அந்த நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு ஓரளவு கிடைக்கும். பினாங்கில் இருந்து யாராவது வந்தால் ஜாதிக்காயின் சதையை வாங்கி வரச் சொல்லுங்கள். அதை அரைத்துப் பிழிந்தால் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து வரும். பத்துக்கு ஒன்று என்று தொடங்கி, நாக்கில் வைத்துப் பார்த்து ஏற்றுங்கள். புளிப்பு போதாவிட்டால் கஸ்தூரி எலுமிச்சை.

துருவிய ஆப்பிளைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும், அரைப்பானில் அடித்தால் சாறு கூழாகிவிடும். பிழிந்த சாறு இந்த வெயிலில் அரை நாளிலேயே நுரைக்கத் தொடங்கும். அன்றைக்கே பாட்டிலில் ஊற்றி, கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு, பானைத் தண்ணீரில் நிறுத்திச் சூடேற்றுங்கள். பாட்டிலுக்குள் வெப்பமானி 75 பாகை காட்டியபின் இருபது நிமிடம். பானைக்குள் அடியில் துணி விரித்துக்கொள்ளுங்கள், கண்ணாடி விரிசல் விடாமல் இருக்கும். உடனே மூடி இறுக்கிப் படுக்க வையுங்கள், சூட்டுச் சாறு மூடியின் உட்பக்கத்தையும் நனைக்க வேண்டும்.