புதுப்பிப்பு: பென்னாகரம் போர்வெல் தண்ணீர், ரிசல்ட் வந்தாச்சு

பென்னாகரம் பக்கம் எங்கள் போர்வெல் தண்ணீர் குடத்தில் செம்மண் நிறமாகப் படிகிறது, ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்குமா, என்ன ஃபில்டர் வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. இரும்பு அதிகம். ஃபுளோரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம், அது 1.5-ஐத் தாண்டக் கூடாது. நம் தர்மபுரி மாவட்டத்துக்கு ஃபுளோரைடு புதுசா என்ன? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தானே.

கொதிக்க வைக்கச் சொன்னவர்களுக்கு: கிருமிக்குச் சரி. ஆனால் ஆர்சனிக்கோ ஃபுளோரைடோ ஆவியாகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்த சாஃப்ட்னரும் ஃபுளோரைடை எடுக்காது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடிக்கிற சமாசாரம்.

இரும்புக்கு வழி சுலபம். தண்ணீரை உயரத்திலிருந்து சிதறவிட்டுக் காற்றுப்பட வைத்தால் துருவாகத் திரளும், மணலில் வடிகட்டலாம். ஆர்சனிக் உள்ள ஊர்களில் இந்தத் துருவே அதையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் நிலத்தடியில் ஆர்சனிக் பெரும்பாலும் மின்னூட்டமில்லாத ஆர்சனைட் என்ற வடிவில் இருப்பதால் துருவில் எளிதில் ஒட்டாது. முதலில் குளோரின் போட்டு, ஒட்டக்கூடிய ஆர்சனேட் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

ஃபுளோரைடுக்கு, அதைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வடிகட்டிப் பொருள் உண்டு. அது நிறைந்ததும் காஸ்டிக் சோடாவில் கழுவ வேண்டும், அந்தக் கழிவை எங்கே கொட்டுவது? அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். போர்வெல் குளிக்க, துவைக்க மட்டும். மணல் தொட்டி அடுத்த வாரம் கட்டுகிறோம்.