நியூட் தொட்டிக்கு எந்த மணல் ஏற்றது, அதை எப்படிக் கழுவி இடுவது?

கேள்வி

வணக்கம். 75 லிட்டர் தொட்டியில் இரண்டு ஜப்பானிய நெருப்புவயிற்று நியூட்களை (பல்லி போன்ற உருவமுள்ள, நீரில் வாழும் இருவாழ்விகள்) எட்டு மாதங்களாக வளர்த்து வருகிறேன். அடியில் மிளகு அளவுள்ள கூழாங்கற்கள் கிடக்கின்றன. சென்ற வாரம் மண்புழுத் துண்டைக் கவ்விய ஒரு நியூட், அதனுடன் ஒரு கல்லையும் வாய்க்குள் இழுத்துச் சற்று நேரம் கழித்தே துப்பியது. அன்று முதல் எனக்கு மன அமைதி இல்லை. மணலுக்கு மாற விரும்புகிறேன். எந்த மணலை வாங்குவது, நியூட்களுக்கு ஊறு நேராமல் அதை எவ்வாறு இடுவது?

மறுமொழி 1

நீங்கள் அஞ்சுவது சரியே. நீருக்குள் இரை தேடும்போது நியூட் வாயைச் சட்டெனத் திறந்து இரையைச் சுற்றியுள்ள நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அவ்வாறு உள்ளே போகும் கல் குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அடியில் இடுவது ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள் கொண்ட மணலாகவோ நியூட்டின் தலையைவிடப் பெரிய கற்களாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவு எதுவும் வேண்டாம்.

நீச்சல்குள வடிகட்டிகளுக்கென விற்கப்படும் சிலிக்கா மணலை நான் பயன்படுத்துகிறேன். கட்டுமானத்திற்கான எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வதால் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். நியூட்டின் மெல்லிய தோலுக்கு அது ஆகாது. கடல் மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். ஐயமிருந்தால் ஒரு பிடி மணலில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, நீரின் கடினத்தன்மையை அது ஏற்றிவிடும்.

மறுமொழி 2

மணலைக் கழுவுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வாளியில் கால் பங்கு மணலை மட்டும் எடுத்துக் குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சி, கையால் அடிவரை கிளறி, கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புங்கள். நீர் தெளியும்வரை இருபது முறை ஆனாலும் செய்ய வேண்டும். சோப்பு அறவே கூடாது. கடைசி அலசலுக்குக் குளோரின் நீக்கிய நீரைப் பயன்படுத்துங்கள்.

இடும் நாளில் நியூட்களைப் பழைய தொட்டி நீருடன் மூடியுள்ள வேறொரு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்; ஈரமான கண்ணாடியில்கூட அவை ஏறிவிடும். வடிகட்டியை நிறுத்தாவிட்டால் மணல் அதன் மோட்டாரைப் பழுதாக்கும். ஈர மணலைக் கிண்ணத்தில் அள்ளி, தொட்டியின் அடிவரை தாழ்த்திக் கவிழ்த்தால் கலங்கல் குறையும். இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் காற்றில்லாத அடிப்பகுதியில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு சேரக்கூடும்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய கூழாங்கற்களில், நியூட்களின் கழிவிலிருந்து சேரும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றை ஒரு வலைப்பையில் கட்டிச் சில வாரங்கள் தொட்டியிலேயே தொங்கவிடுங்கள். அதே நாளில் வடிகட்டிப் பஞ்சையும் கழுவிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் அம்மோனியா, அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் ஆகியவற்றின் அளவுகளை அடிக்கடி சோதிப்பது நல்லது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சிலிக்கா மணல் வாங்கி ஒரு பிடியை வினிகரில் சோதித்தேன், நுரைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கழுவி இடுகிறேன். அதுவரை இரையைத் தட்டையான தட்டில் மட்டுமே வைக்கப்போகிறேன்.