குழந்தை இருக்கை வாங்கும்போது நாங்கள் கவனிக்கத் தவறிய ரீபவுண்ட்: எல்லையோர அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மகளுக்கு ஏழு மாதமானபோது, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூரிலுள்ள அம்மா வீட்டுக்கு வாரந்தோறும் போய்வர வேண்டியிருந்ததால், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும் வகையில் பொருத்தும் இருக்கை ஒன்றை வாங்கினோம். மெத்தையின் கனம், துணியைக் கழற்றித் துவைக்கும் வசதி, விலை ஆகிய மூன்றுக்கு மேல் அன்று நாங்கள் எதையும் பார்க்கவில்லை. ஒரு மாலையில், தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று தோப்பிலிருந்து சட்டென்று சாலையில் ஏறியதால் கணவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மோதல் நிகழவில்லை, குழந்தையின் தூக்கம்கூடக் கலையவில்லை. ஆனால் அவள் தலை இருந்த பக்கம் முன்னோக்கித் தாழ்ந்ததையும், வண்டி நின்றவுடன் அதே வேகத்தில் எழும்பிப் பின்சீட்டுச் சாய்மானத்தை நோக்கித் திரும்பியதையும் அருகில் அமர்ந்திருந்த நான் கண்ணால் கண்டேன்.

இந்தத் திரும்பித் தெறித்தலைத்தான் ரீபவுண்ட் என்கிறார்கள். நேருக்கு நேர் மோதும்போது, பின்பார்த்த இருக்கை குழந்தையின் முதுகு, கழுத்து, தலை முழுவதையும் ஒருசேரத் தாங்கிக்கொள்கிறது. உடலோடு ஒப்பிடத் தலை பெரியதாகவும் கழுத்து இளசாகவும் உள்ள வயதில் அதைவிடப் பாதுகாப்பான அமர்வு இல்லை. ஆயினும் இழுபட்ட பெல்ட்டும் அமுங்கிய சீட்டு மெத்தையும் தம் நிலைக்கு மீளும்போது இருக்கையையும் பின்னுக்குத் தள்ளுகின்றன, குழந்தையின் முகம் இருப்பதோ அந்தச் சாய்மானத்துக்கு எதிரில். இதைக் குறைக்க, தரையில் ஊன்றும் சப்போர்ட் லெக் முதல் சாய்வையே மட்டுப்படுத்துகிறது. குழந்தையின் கால்பக்கம் நின்று சாய்மானத்தில் அணையும் கம்பி, திரும்பி வருவதைத் தடுக்கிறது. கூடை போன்ற சில இருக்கைகளில் கைப்பிடியையே குறிப்பிட்ட நிலையில் நிறுத்தினால் அந்த வேலையை அது செய்யும். வேறு சில இருக்கைகளில் பயணத்தின்போது கைப்பிடியை மடக்கிவிட வேண்டும் என்றிருப்பதால், கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

எங்கள் பழைய காரில், பெல்ட் இல்லாமலே குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இல்லை. ஆகவே பெல்ட்டால் கட்டக்கூடிய, தடுப்புக் கம்பியுள்ள இருக்கையைத் தேடினோம். "பெல்ட் போட்டா போதுங்கக்கா, எங்கயும் போகாது" என்றார் முதல் கடைக்காரர். இரண்டாவது கடையில் காரிலேயே பொருத்திப் பார்க்க அனுமதித்தார்கள். அங்கே ஒரு மாதிரியின் கம்பிக்கும் சாய்மானத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது; அணையாத கம்பிக்குக் காசு கொடுப்பானேன் என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியாக அணைந்த மற்றொன்றை எடுத்தோம். முன்சீட்டைச் சற்று முன்தள்ள வேண்டியிருப்பதால் என் மாமனாருக்கு இன்றும் முழங்கால் இடிக்கிறது.

செங்கோட்டையிலிருந்து:

ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போய்வருபவன் நான். என் காரில் ஐசோஃபிக்ஸ் உண்டு என்பதால் சப்போர்ட் லெக் உள்ள இருக்கையை யோசிக்காமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகே, பின்சீட்டுக்கு முன்னுள்ள தரையில் மூடியிட்ட பொருள்பெட்டி இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த மூடியின்மீது கால் ஊன்றினால், மோதலில் மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடக்கூடும். காரின் கையேடு அதற்கு இடம் தரவில்லை. இருக்கையை மாற்ற வேண்டியதாயிற்று. கடைக்குப் போகுமுன் காரின் தரையைத் தட்டிப் பார்த்திருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பாறசாலையிலிருந்து:

எங்கள் வீட்டில், மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தை ஏறத்தாழ 200 கிலோ பாரம்போல் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தையை உரிய முறையில் பிணைக்காவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்பதை அவர் காதில் வாங்கவே இல்லை. கொழிஞ்சாம்பாறைச் சகோதரி, உங்கள் மகளை எப்போது முன்பார்த்துத் திருப்பினீர்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இன்னும் திருப்பவில்லை, அண்ணா. குழந்தை இருக்கைகளுக்கென ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஆர்129 விதி 15 மாதத்துக்கு முன் திருப்பக் கூடாது என்கிறது. ஆனால் அது குறைந்தபட்ச வரம்புதான். மகளுக்கு இப்போது இரண்டு வயது. எங்கள் இருக்கையைப் பின்பார்த்தபடி 105 செண்டிமீட்டர் உயரம் வரை பயன்படுத்தலாம், அவளோ 86 செண்டிமீட்டர். கால் மடங்கியிருக்கிறதே என்று என் மாமியார்தான் வருந்துகிறார். அவள் சாய்மானத்தின்மேல் இரு கால்களையும் போட்டுக்கொண்டு முறுக்குத் தின்கிறாள்.