அலாஸ்கா கப்பலில் சூட் அறை: முன்னாலா, நடுவிலா, பின்னாலா? இன்று இரவுக்குள் சொல்ல வேண்டும்

ராயபுரம்_கல்மண்டபம் | மாலை 5.40
வணக்கம் நண்பர்களே. அவசரமான சந்தேகம். அலாஸ்கா கப்பலில் சூட் அறை (பால்கனியோடு கூடிய பெரிய அறை) போடப் போகிறோம். மூன்று அறை காலியாக இருக்கிறதாம். ஒன்று கப்பலின் மூக்குப் பக்கம், ஒன்று நடுவில், ஒன்று பின்கோடியில். காசு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பனிமலை நன்றாகத் தெரிய எதை எடுப்பது? ஏஜென்ட் இரவு பத்து மணி வரைதான் பிடித்து வைப்பார். போய் வந்தவர்கள் உடனே சொல்லுங்கள், ப்ளீஸ்.

எண்ணூர்_பாலா | 5.52
கண்ணை மூடிக்கொண்டு பின்கோடியை எடுங்கள். நாங்கள் 2019 ஆகஸ்டில் போனோம். கிளேசியர் பே என்ற விரிகுடாவில் மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பலை நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்றுத் திருப்புவார்கள். பின் பால்கனியில் இருந்தால் இடம், வலம், நடு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கப்பல் ஓடும்போது எதிர்காற்றும் அங்கே அடிக்காது. ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு நீலம் பாய்ந்த பனிச்சுவர் நிற்கிறது. அதிலிருந்து ஒரு வீடு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் எழும்பி அடங்கப் போகும்போதுதான் சத்தம் வந்து சேர்ந்தது. அந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்கிறார்கள். இன்னும் என் காதில் இருக்கிறது.

தண்டையார்பேட்டை_அனு | 6.05
விவரமே இல்லாமல் எப்படிச் சொல்வது? எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்குகிறீர்கள்? எந்த மாதம்? எத்தனையாவது தளம்? மூன்றும் எந்தப் பக்கம் பார்த்த அறைகள்? கூட யார் வருகிறார்கள்?

பழைய_என்ஜின்ரூம் | 6.11
ஒரே ஒரு தடவை பயணியாகப் போய்விட்டு வந்து கப்பலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் 32 வருடம் கப்பலிலேயே இருந்தவன். பின்கோடிக்குக் கீழேதான் ப்ரொப்பல்லர். கரையில் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் கட்டில் அதிரும். காற்று பின்னால் தள்ளினால் புகைக்கூண்டுக் கரி பால்கனியில் படியும். கேட்டவர் முதலில் போர்ட் எது, ஸ்டார்போர்ட் எது என்று தெரிந்துகொள்ளட்டும். முன்னால் பார்த்து நின்றால் இடது கை போர்ட், சிவப்பு விளக்கு. வலது கை ஸ்டார்போர்ட், பச்சை விளக்கு. அறை என்றால் நடுக்கப்பல்தான். அலையில் கப்பல் சீசா பலகை மாதிரி ஏறி இறங்கும். நடுவில் இருப்பவனுக்கு ஆட்டம் குறைவு. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

காசிமேடு_விசைப்படகு | 6.20
நடுவில் ஆட்டம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் முன்னும் பின்னும் ஒன்றா? அணியத்தில், அதாவது மூக்குப் பக்கம், நிற்பவனைத்தான் அலை தூக்கிப் போடும். எங்கள் படகில் புது ஆள் ஏறினால் பின்னால்தான் உட்கார வைப்போம். மூன்றில் முன் அறையைத்தான் முதலில் கழிக்க வேண்டும். நீங்கள் பின் அறையைப் போட்டு அடிக்கிறீர்கள்.

பழைய_என்ஜின்ரூம் | 6.26
தம்பி, மீன்பிடிப் படகையும் 90,000 டன் கப்பலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். உங்கள் படகு அலைமேல் ஏறும். இந்தக் கப்பல் அலையைப் பிளந்துகொண்டு போகும்.

காசிமேடு_விசைப்படகு | 6.31
பிளந்துகொண்டு போகிற கப்பலில் எதற்கு சார் சீசா பலகை? நீங்கள்தானே சொன்னீர்கள். சிவப்பும் பச்சையும் எங்கள் படகிலும் எரிகிறது, அதற்குப் பாடம் வேண்டாம். மூன்று தலைமுறையாகக் கடலில் இருக்கிறோம்.

எண்ணூர்_பாலா | 6.38
கரி படியும் என்பது உண்மைதான். எங்களுக்கு ஏழு நாளில் ஒரு நாள் நாற்காலியில் மெல்லிசாகப் படிந்தது, துணியால் துடைத்தார்கள். நிலக்கரிக் கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில் ராயபுரத்து மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ராயபுரம்_கல்மண்டபம் | 7.02
மன்னிக்கவும், அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன். வான்கூவரில் ஏறுகிறோம். ஜூன் மாதம், 7 இரவு.

தண்டையார்பேட்டை_அனு | 7.04
ஏறுவது சரி, இறங்குவது? திரும்பவும் வான்கூவரா, வடக்கே போய் சீவார்டிலோ விட்டியரிலோ இறங்குவதா? பதிலே அதில்தான் இருக்கிறது.

ராயபுரம்_கல்மண்டபம் | 7.15
சீவார்டில் இறங்கி விமானம். அப்பா, அம்மா, நான், மனைவி. அப்பா துறைமுகத்தில் 34 வருடம் கிரேன் ஓட்டினார். எத்தனையோ கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார், பயணியாக ஒன்றிலும் ஏறியதில்லை. இரண்டு முழங்காலும் மாற்று அறுவை செய்தவை. நின்று பார்க்க முடியாது, பால்கனியில் உட்கார்ந்துதான் பார்ப்பார். அதனால்தான் சூட்டே எடுக்கிறோம். முன் அறையும் நடு அறையும் 8வது தளம், வலப்புறம். பின் அறை 7வது தளம்.

தண்டையார்பேட்டை_அனு | 7.24
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். தெற்கிலிருந்து வடக்கே போகும் பயணத்துக்கு வலப்புறம் நல்லது. முதல் சில நாள் தீவுகளுக்கு நடுவே போவதால் இரண்டு பக்கமும் கரை தெரியும், பக்கம் பெரிய விஷயமில்லை. கடைசியில் அலாஸ்கா வளைகுடாவில் வடமேற்காகத் திரும்பியதும் இடப்புறம் வெறும் கடல்தான். வலப்புறம் மலைத்தொடர். வானம் தெளிந்தால் 4,671 மீட்டர் உயர ஃபேர்வெதர் சிகரம் தெரியும். மேகம் மூடினால் எந்தப் பக்கமும் ஒன்றுதான், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பனியாற்றுக்கு முன்னால் கப்பலைத் திருப்பிக் காட்டுவார்கள் என்று பாலா அண்ணா சொன்னது சரி. அதற்காக அறைப் பக்கம் பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் பயணத்தில் கிளேசியர் பே உண்டா, அதற்குப் பதில் ஹப்பர்ட் பனியாறா? கிளேசியர் பேக்கு ஒரு நாளில் இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. எல்லாப் பயணத்திலும் இருக்காது.

திருவொற்றியூர்_கவிதா | 7.41
தயவுசெய்து முன் அறையை எடுக்காதீர்கள். நான் அம்மாவை அழைத்துப்போனபோது அந்தத் தப்பைச் செய்தேன். கப்பல் போகும் திசையே நமக்கு முன்னால் விரியும் என்று ஆசைப்பட்டு மூக்குப் பக்க அறை எடுத்தேன். பால்கனித் தடுப்பு கண்ணாடி இல்லை, முழு இரும்பு. நின்றால் எனக்கு மார்பளவு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக அந்த இரும்பின் விளிம்பு, அதற்குமேல் வானம். தண்ணீரும் தெரியாது, பனியும் தெரியாது. இரண்டு தலையணை அடுக்கி உட்கார வைத்தேன், பத்து நிமிடத்தில் முதுகு வலி என்று உள்ளே போய்விட்டார். காற்று பலமாக இருந்த இரண்டு நாள் கதவையே பூட்டி வைத்தார்கள். இரவில் கப்பல் ஓட்டுபவர்களுக்கு வெளிச்சம் இடைஞ்சல் என்று திரையையும் மூடச் சொன்னார்கள். பனியாற்று நாளில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் மேல்தளத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜூன் மாதம்தான், ஆனாலும் அந்தக் குளிரில் அவரால் கால் மணி நேரம்கூட இருக்க முடியவில்லை.

அப்பா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் முன்னா பின்னா என்பதற்கு முன்னால், தடுப்பு கண்ணாடியா இரும்பா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பால்கனிக்கு மேலே கூரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பின்கோடி அறைகள் சில கப்பலில் படிக்கட்டு மாதிரி அடுக்கி இருக்கும், மேலே திறந்த வானம். வழியில் வரும் கெச்சிக்கனில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னை மழையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

காசிமேடு_விசைப்படகு | 7.50
அக்கா சொன்னதைப் பாருங்கள். முன் அறை வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன்.

பழைய_என்ஜின்ரூம் | 7.53
நீங்கள் சொன்னது ஆட்டத்துக்காக. அவர் சொன்னது தடுப்புக்காக. இரண்டும் வேறு.

காசிமேடு_விசைப்படகு | 7.55
காரணம் எதுவானால் என்ன சார்? உங்களோடு பேசினால் விடிந்துவிடும்.

தண்டையார்பேட்டை_அனு | 7.58
இருவரும் அந்த வழக்கை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது.

பழைய_என்ஜின்ரூம் | 8.10
கல்மண்டபம், உங்கள் அப்பா எந்தப் பக்கம் வேலை பார்த்தார்? சென்னைத் துறைமுகத்தில் ஜவஹர் டாக் பக்கமா, பாரதி டாக் பக்கமா? ஒருவேளை என் கப்பலுக்கே சரக்கு ஏற்றியிருப்பார்.

அவருக்காக இரண்டு விஷயம். முதலாவது, கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் ஏணிப்பாலம். நம் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் சுற்றித்தான். அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் சில நாள் அது ஆறு மீட்டரைத் தாண்டும். காலையில் சமமாக இருந்த பாலம் மத்தியானம் சாய்ந்து நிற்கும். மாற்று முழங்காலுக்கு அந்தச் சரிவு கஷ்டம். எந்த நேரத்தில் இறங்கினால் சரிவு குறைவு என்று கப்பலிலேயே கேட்டால் சொல்வார்கள். இரண்டாவது, தளப்படத்தில் உங்கள் அறைக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளத் தளமாக இருந்தால் அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். மேலேயும் கீழேயும் அறைகளாகவே இருந்தால் நல்லது. லிஃப்ட் எத்தனை கதவு தள்ளி என்றும் எண்ணிப் பாருங்கள்.

எண்ணூர்_பாலா | 8.22
உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் நானும் நடு அறைக்கே கை தூக்குகிறேன். எங்கள் பின் அறையிலிருந்து லிஃப்டுக்கு நீண்ட நடை, அந்தக் காலோடு தினமும் நாலு தடவை முடியாது. ஒன்று மட்டும். ஜூனில் அங்கே இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், விடியற்காலை நாலு மணிக்கே வெளுத்துவிடும். பெரியவர் எப்போது எழுந்து வந்தாலும் பால்கனியில் பார்க்க ஏதாவது இருக்கும். ஒரு கம்பளியை நாற்காலியிலேயே போட்டு வையுங்கள்.

திருவொற்றியூர்_கவிதா | 9.15
என்ன ஆயிற்று? கண்ணாடியா என்று கேட்டீர்களா?

ராயபுரம்_கல்மண்டபம் | மறுநாள் காலை 7.30
நடு அறை, வலப்புறம், 8வது தளம். கண்ணாடித் தடுப்பு என்று ஏஜென்ட் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தபிறகு 9.40க்குச் சரி சொன்னோம். மேலே அறைகள்தான், லிஃப்ட் ஆறு கதவு தள்ளி. என்ஜின்ரூம் சார், அப்பா ஜவஹர் டாக்கில் இருந்தார். நீங்கள் கேட்டதைச் சொன்னேன், எந்தக் கப்பல், எந்த வருடம் என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறார். எல்லோருக்கும் நன்றி. ஆபீஸ் கிளம்புகிறேன்.

தண்டையார்பேட்டை_அனு | 7.48
சந்தோஷம். கனடா, அமெரிக்கா இரண்டு விசாவும் நான்கு பேருக்கும் கையில் இருக்கிறதா? கிளேசியர் பேயா ஹப்பர்டா என்பதையும் இன்னும் சொல்லவில்லை.

பழைய_என்ஜின்ரூம் | 8.05
1988, 1991, இரண்டு தடவை ஜவஹர் டாக்கில் கட்டினோம். அப்பாவிடம் சொல்லுங்கள்.