அறிவியலாளர்களின் இறைநம்பிக்கை கடவுளுக்குச் சான்றாகுமா?

வைகறை எழுதியது:

இறைநம்பிக்கை அறியாமையின் விளைவு என்று நண்பர்கள் சிலர் உறுதிபடக் கூறுவதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். இயற்பியலாளர்கள் நியூட்டன், பாரடே, மாக்ஸ்வெல் ஆகியோர் பெயரளவில் அல்லாமல் உள்ளார்ந்த பற்றோடு கடவுளை நம்பியவர்கள். 1979-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம், இறைவனின் படைப்பில் எக்குறையையும் காணமாட்டாய் என்னும் பொருள்படும் குர்ஆன் வசனத்தைத் தம் விருந்துரையிலேயே எடுத்துரைத்தார். பெரியவர்கள் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. ஆனால், நோயைப் பற்றி மருத்துவர் சொல்வதற்கு மற்றவர் சொல்வதைக் காட்டிலும் மதிப்புத் தருகிறோம் அல்லவா? இயற்கையின் ஒழுங்கை மிக நெருங்கிக் கண்டவர்கள் அதற்கு ஒரு படைப்பாளன் உண்டு என்று உணர்ந்திருந்தால், அந்தச் சாட்சியத்துக்கும் ஓரளவு எடை உண்டு என்பதே என் நிலைப்பாடு.

தொலைநோக்கி எழுதியது:

வைகறை அவர்கள் காட்டிய சலாமின் எடுத்துக்காட்டே அவருடைய வாதத்துக்கு எதிராக நிற்கிறது. அந்த ஆண்டின் பரிசை அவரோடு ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பெர்க் ஆகிய இருவரும் பகிர்ந்துகொண்டனர். வைன்பெர்க் தம்மை வெளிப்படையாக நாத்திகர் என்று அறிவித்துக்கொண்டவர். மின்காந்த விசையும், அணுக்கருவுக்குள் செயல்படும் மென்விசையும் ஒரே விசையின் இரு வடிவங்கள் என்னும் கோட்பாட்டை வைன்பெர்க் 1967-இலும் சலாம் 1968-இலும் தனித்தனியே வெளியிட்டனர். தாம் நம்பிக்கையாளராகவும் வைன்பெர்க் நாத்திகராகவும் இருந்தது தங்கள் ஆய்வில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை என்று சலாமே பின்னாளில் ஒரு நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஒரே ஒழுங்கை ஒரே அளவுக்கு நெருங்கிக் கண்ட இருவர் கடவுளைப் பற்றி எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தார்கள் என்றால், அவர்களுடைய இயற்பியல் அறிவு அந்த முடிவுகளில் எதற்குமே சான்றாக நிற்கவில்லை என்றுதானே பொருள்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். எந்தக் கடவுளுக்கு இந்த எடையைச் சேர்ப்பது? நியூட்டன், கடவுள் மூன்று ஆள்களாய் இருக்கும் ஒருவர் என்னும் கிறித்தவக் கொள்கையான திரித்துவத்தை மறுத்து எழுதியவற்றைத் தம் வாழ்நாளில் வெளியிடாமல் மறைத்தே வைத்திருந்தார். சலாம் சார்ந்திருந்த அகமதியா பிரிவினரை முஸ்லிம்கள் அல்லர் என்று பாகிஸ்தான் 1974-இல் அரசியலமைப்பைத் திருத்தியே அறிவித்தது. இவர்களுடைய பெயர்களை இன்று பெருமையோடு பட்டியலிடும் சமயத்தவர் பலர், இவர்களுடைய நம்பிக்கையை அப்படியே ஏற்கமாட்டார்கள்.

வைகறை எழுதியது:

சலாமின் முன்னுரையில் பாதியை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். விசைகளை ஒன்றிணைக்கும் நோக்கின்பால் தமக்கு ஒரு சாய்வு இருந்திருந்தால், அது முஸ்லிமாக வளர்ந்த பின்னணியிலிருந்து தம்மை அறியாமலே வந்ததாக இருக்கும் என்றும் அவர் அங்கே குறிப்பிட்டிருக்கிறார்.

வானியலாளர் கெப்ளரையும் பாருங்கள். செவ்வாயின் பாதையைக் கணித்தபோது, வானத்தை நோக்கி அளவெடுத்த டைக்கோ பிராகேயின் பதிவுகளுக்கும் கெப்ளரின் கணக்குக்கும் இடையே 8 கலை மட்டுமே வேறுபாடு இருந்தது; ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. வேறொருவர் இதைப் புறக்கணித்திருக்கலாம். டைக்கோவைப் போன்ற நோக்கரைத் தந்தது இறைவனின் கருணை, அந்தக் கொடையை நன்றியோடு பயன்படுத்த வேண்டும் என்று எழுதிய கெப்ளர், பழைய கணக்கைக் கைவிட்டு மீண்டும் உழைத்தார். 1609-இல் வெளியான நீள்வட்டப் பாதை அந்த உழைப்பின் பயன். நம்பிக்கை இங்கே அறிவியலின் உந்துவிசையாக இருந்திருக்கிறது.

தொலைநோக்கி எழுதியது:

அது உந்துவிசையாக இருந்ததை நான் மறுக்கவில்லை. அதே கெப்ளர், அதே நம்பிக்கையோடு, கடவுள் ஆறு கோள்களின் பாதைகளை கனசதுரம் போன்று எல்லா முகங்களும் ஒரே வடிவில் அமைந்த ஐந்து ஒழுங்குத் திண்மங்களைக் கொண்டு அமைத்தார் என்று 1596-இல் எழுதினார். 1781-இல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது, கோள்கள் ஆறு என்னும் அடிப்படையே தகர்ந்தது. சரியான கண்டுபிடிப்புக்கும் தவறானதுக்கும் ஊற்று ஒன்றே என்றால், எது சரி என்று பிரித்துக் காட்டியவை டைக்கோவின் அளவீடுகளைப் போன்ற வானத்து நோக்கல்கள்தாம்.

அகல்விளக்கு எழுதியது:

நான் கடவுளை வணங்குபவள். ஆயினும் இந்த விவாதத்தில் தொலைநோக்கி அவர்களின் பக்கமே நிற்கிறேன். இராமானுஜன் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் சூத்திரங்களைப் பெற்றார் என்பதை நம் வீடுகளில் சான்றாகவே சொல்லி வளர்க்கிறோம். ஆனால் 1913-இல் அவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய முடிவுகளில், பகா எண்களைப் பற்றியவற்றுள் சில தவறானவை. சரியானவற்றைத் தாயாரின் கணக்கில் எழுதுவோர் தவறானவற்றை யார் கணக்கில் எழுதுவார்கள்? அந்தச் சூத்திரங்களின் மெய்ம்மை நிறுவலில்தான் உறுதியானது. அவற்றுள் பலவற்றை உலகுக்கு விளக்கிய ஹார்டியோ கடவுளை நம்பாதவர். தாயாரின் மீது எனக்குள்ள பக்தி, ஒரு சூத்திரம் சரியாக வந்ததா என்பதைப் பொறுத்து ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

இதை நான் முதன்முதலாகச் சொல்லவில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவரும், பின்னர் பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவருமான ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் படைப்பின் தருணத்துக்குச் சாட்சி சொல்வதுபோல உரையாற்றியபோது, அதில் லெமைத்ருக்கு உடன்பாடு இல்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்றே அவர் கருதினார். தம் நம்பிக்கைக்குச் சாதகமாக வந்து விழுந்த சான்றை ஒரு குருவானவரே ஏற்கத் தயங்கினார் என்பதை, இத்தகைய பெயர்ப் பட்டியல்களைப் பகிரும் அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வைகறை எழுதியது:

லெமைத்ரின் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் கோட்பாட்டைத்தான் சமயத்திலிருந்து விலக்கி வைத்தார், குருத்துவத்தைத் துறக்கவில்லை. தேர்ந்த அறிவும் ஆழ்ந்த நம்பிக்கையும் ஒரே மனத்தில் முரண்படாமல் வாழ முடியும் என்பதற்கு அவரும் சலாமும் சான்று என்பதை நீங்கள் இருவருமே இதுவரை மறுக்கவில்லை. நம்பிக்கையாளர் அனைவரும் சிந்திக்காதவர்கள் என்று கூறுவோருக்கு இந்தப் பெயர்களை விடையாகச் சொல்வதை நான் நிறுத்தப்போவதில்லை.

தொலைநோக்கி எழுதியது:

அந்த அளவில் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் தொடங்கியபோது கேட்டது நம்பிக்கையாளர்களின் அறிவுத்திறனைப் பற்றி அன்று, கடவுள் இருப்பதற்கான சாட்சியத்தின் எடையைப் பற்றி. அந்தக் கேள்விக்கு வைன்பெர்க்கையும் சலாமையும் ஒருசேர வைத்துக்கொண்டு நீங்கள் இன்னும் விடையளிக்கவில்லை.