புரோபயாடிக் பால் குடித்தால் வயிறு உப்புகிறது

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்ததிலிருந்து வயிறு சரியில்லை. தினமும் ஒரு குப்பி புரோபயாடிக் பால் (நல்ல பாக்டீரியா சேர்த்தது) குடிக்கிறேன். குடித்த கொஞ்ச நேரத்தில் கடமுடா சத்தம், உப்புசம். நிறுத்தவா?

பதில் 1:
ஆரம்பத்தில் வாயு சேர்வது சகஜம்தான், பலருக்குத் தானாக அடங்கிவிடும். பாதிக் குப்பியாகக் குறைத்துப் பாருங்கள். சூடாக்க மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்துவிடும். லேபிளில் சர்க்கரை அளவையும் பாருங்கள். சிலது வெறும் சர்பத்துதான்!

பதில் 2:
எல்லாம் ஒரே பாக்டீரியா இல்லை. யாகுல்ட் என்ற புரோபயாடிக் பானத்தில் இருப்பது மினோரு ஷிரோட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1930-ல் வளர்த்தெடுத்த வகை. 1935-ல் விற்பனைக்கு வந்தது. வேறு பானத்தில் வேறு வகை இருக்கும். பெரும்பாலும் இவை குடலில் நிரந்தரமாகத் தங்காது, நிறுத்தினால் வெளியேறிவிடும்.

பதில் 3:
வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ, ரத்தம், காய்ச்சல் இருந்தாலோ குப்பியை விடுங்கள், டாக்டரிடம் போங்கள்.

கேட்டவர்:
அதெல்லாம் இல்லை, உப்புசம் மட்டும்தான். சரி, நாளையிலிருந்து பாதி.